தழும்பு தடித்துக்கொண்டே போனால்

காது குத்திய இடத்தில் சுண்டைக்காய் அளவுக்குச் சதை திரண்டு நிற்கும். "இதை வெட்டி எடுத்துடுங்க டாக்டர்" என்பார்கள். வெட்டுவது பெரிய வேலையில்லை. ஆனால் வெறுமனே வெட்டி விட்டுவிட்டால் பாதிப் பேருக்காவது திரும்ப வளரும், சிலருக்கு முன்பைவிடப் பெரிதாக. மருவுக்குக் கட்டுவது போல நூல் கட்டிப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இது கீலாய்டு. புதுக் காயம் பட்டால் அதற்கு இன்னும் வளரத் தோன்றும்.

எல்லாத் தடித்த தழும்பும் கீலாய்டு இல்லை. சிசேரியன் தழும்பு சிவந்து, தடித்து, அரித்தாலும் கோட்டுக்குள்ளேயே நின்றால் பயம் வேண்டாம். ஓரிரு வருடத்தில் பெரும்பாலும் தணியும். காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவுவதுதான் கீலாய்டு. அது காயம் ஆறிப் பல மாதம் கழித்துக்கூட ஆரம்பிக்கும், தானாகக் குறைவது அரிது. காது மடல், நடு நெஞ்சு, தோள், மேல்கை இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். நெஞ்சில் ஒரு பரு வந்து போனாலே போதும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் நான் முதலில் சொல்வது தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கோன் ஷீட். காயம் முழுக்க மூடிய பிறகுதான் ஒட்ட வேண்டும். தழும்பைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, முதல் சில நாள் நாலு மணி நேரம், அப்புறம் மெல்ல ஏற்றி, நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். குறைந்தது மூன்று மாதம். குளிக்கும்போது கழற்றி, லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றில் உலர்த்துங்கள். துண்டால் துடைத்தால் நூல் துணுக்கு ஒட்டி, பிடிமானம் போய்விடும். நம் ஊர் வெயிலில் அடியில் வேர்க்குரு வரும்; வந்தால் இரண்டு நாள் விட்டுவிட்டுத் தொடரலாம். முகம், மூட்டு போன்ற இடங்களுக்கு சிலிக்கோன் ஜெல் வசதி. மெல்லிசாக, இரண்டு வேளை. நிறையப் பூசினால் சட்டையில்தான் ஒட்டும்.

தையல் பிரித்து நன்றாக ஆறிய தழும்பை வாசலினோ தேங்காய் எண்ணெயோ தொட்டு, தோல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தித் தினம் சில நிமிடம் நீவலாம். கீலாய்டைப் போட்டுத் தேய்க்காதீர்கள். வெளியே தெரியும் தழும்புக்கு சன்ஸ்கிரீன் போடுங்கள், கருக்காமல் இருக்கும்.

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். தடவிய இடத்தில் வெயில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவிச் சிலர் அலர்ஜியோடு வருகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீம் தழும்பை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள தோலை மெலிய வைக்கும்.

அதே ஸ்டீராய்டு எங்கள் கையில் மருந்துதான். ட்ரையாம்சினோலோன் ஊசியைக் கீலாய்டுக்குள்ளேயே, நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போடுகிறோம். வலிக்கும், மறைக்கவில்லை. ஆனால் அரிப்பு சீக்கிரம் அடங்கும், தடிப்பு மெல்ல இறங்கும். காதில் அறுவை செய்தாலும் கூடவே ஊசி, பிறகு பல மாதம் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்கும் அழுத்தக் கம்மல் என்று சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

தீக்காயத் தழும்பு மூட்டின் மேல் இருந்து கை, விரல் மடங்கி இழுத்தால் தாமதிக்காமல் வாருங்கள். பல வருடத்துப் பழைய தீக்காயத் தழும்பில் திடீரென்று புண் வந்து ஆறாமல் இருந்தால் களிம்பு மாற்றி மாற்றிப் போட வேண்டாம். அது தோல் புற்றாக இருக்கலாம். சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.