கடவுச்சொல்: கடப்பதற்கா, திறப்பதற்கா?

'கட' என்ற வினையில் பிறந்தது கடவு. கடந்து போகும் வழி என்று பொருள். இலங்கைத் தமிழில் சாலையைக் கடக்கும் இடம் கடவை, பாஸ்போர்ட் கடவுச்சீட்டு. பாஸ்வேர்டு கடவுச்சொல் ஆனதும் அதே வழியில்தான். ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் இதுவே: காவலன் கேட்கும்போது சரியாகச் சொன்னால் உள்ளே விடுவான். பழைய ரோமானியப் படை முகாமில் அன்றைய இரவுக்கான சொல்லை மரப்பலகையில் எழுதி, பிரிவு பிரிவாகக் கைமாற்றுவார்கள். நன்றாக இருட்டுவதற்குள் பலகை தலைவரிடம் திரும்பிவிட வேண்டும். 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பலர் பகிர்ந்துகொண்ட கணினி ஒன்றில் அவரவர் கோப்பு அவரவருக்கே இருக்கட்டும் என்று இந்த முறையைக் கொண்டுவந்தார்கள்.

லாகின் செய்யும் இடத்துக்குக் கடவுச்சொல் என்ற பெயர் மிகப் பொருத்தம். அங்கே உண்மையிலேயே ஒரு வாசல் இருக்கிறது. வாசல் மட்டும்தான் இருக்கிறது என்பதால், டிரைவைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்புகள் அப்படியே திறக்கும்.

என்கிரிப்ட் செய்த டிரைவில் கதையே வேறு. அங்கே காவலன் யாரும் இல்லை. தரவே உருமாறிக் கிடக்கிறது. எந்தக் கணினியில் மாட்டினாலும் பொருளற்ற எண்குவியல்தான் தெரியும். பொதுவாக 128 அல்லது 256 பிட் நீளமுள்ள ஒரு திறவுகோலால், அதாவது ஒரு ரகசிய எண்ணால், தரவு மாற்றப்பட்டிருக்கும். 128 பிட் என்றாலே 39 இலக்க எண் அளவுக்குச் சாத்தியங்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடிகிற காரியமில்லை. நாம் தட்டும் கடவுச்சொல் அந்தத் திறவுகோலைப் பூட்டி வைத்திருக்கும் சிறு பெட்டியைத்தான் திறக்கிறது. அதனால்தான் கடவுச்சொல்லை மாற்றும்போது முழு டிரைவையும் மறுபடி என்கிரிப்ட் செய்ய வேண்டியதில்லை.

அப்படியானால் இதைத் திறவுச்சொல் என்று அழைக்கலாமே? எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பகுதியில் கீவேர்டு என்ற பொருளில் அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. கடவுச்சொல்லே இருக்கட்டும். உள்ளே இருக்கும் 'கீ'யைத் திறவுகோல் என்போம். சாவி என்றாலும் தவறில்லை, போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்து நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது.

என்கிரிப்ஷனுக்கு மட்டும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பலர் குறியாக்கம் என்கிறார்கள். யூனிகோடு போன்ற எழுத்துக் குறியாக்கத்துக்கும் அதே சொல்லைத்தானே பயன்படுத்துகிறோம்? அதில் ஒளிப்பு எதுவும் இல்லை. ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பது 'மறைந்த' என்று பொருள்படும் கிரேக்க வேர். ஆகவே மறையாக்கம் என்பதே சரி; அதை அவிழ்ப்பது மறைநீக்கம்.

'கடவுச்சொல் மீட்பு' என்ற தொடர்தான் அதிகம் குழப்புகிறது. மறந்த சொல்லைக் கணினி தேடி எடுத்துத் தரும் என்று நினைக்க வைக்கிறது. டிரைவில் அந்தச் சொல் எழுதி வைக்கப்படவே இல்லை, எடுத்துத் தர ஒன்றுமில்லை. இருப்பது இன்னொரு திறவுகோல். ரெக்கவரி கீ என்கிறார்களே, அதுதான். மீட்புத் திறவுகோல் என்று சொல்லலாம். தரவை மாற்றிய அதே திறவுகோலை வேறொரு பெட்டிக்குள்ளும் வைத்து, அதற்குத் தனிப் பூட்டு போட்டது போல.

விண்டோஸில் டிரைவை மறையாக்கம் செய்யும் வசதியான பிட்லாக்கரில் மீட்புத் திறவுகோல் 48 இலக்க எண், ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். டிரைவைப் பூட்டிய நாளில் அதை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்திருக்கலாம், தாளில் அச்சிட்டிருக்கலாம், வேறொரு பென்டிரைவில் கோப்பாக வைத்திருக்கலாம். அலுவலகக் கணினி என்றால் அங்குள்ள கணினிப் பிரிவினரிடம் இருக்கக்கூடும். கடவுச்சொல்லை நினைவுபடுத்தி நினைவுபடுத்தித் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் இந்த இடங்களைத் தேடுங்கள். எங்குமே இல்லையென்றால் டிரைவை ஃபார்மட் செய்து மறுபடி பயன்படுத்தலாம். உள்ளே இருந்த படங்களும் கடிதங்களும் திரும்பி வராது.