ஒட்டனூர் கரைக்கு எந்தப் பலகை?

மேட்டூர் அணையின் நீர்த்தேக்கக் கரையிலுள்ள ஒட்டனூரில் விசைப்படகு ஏறி எதிர்க்கரைக் கோட்டையூருக்குப் போனவர்களுக்குத் தெரியும், படகில் கால் வைப்பதற்கு முந்தைய பத்தடிதான் கஷ்டம். சேறு, வழுக்கல், இடுப்பில் பிள்ளை. இங்கே ஒரு மேடை போட்டால் என்ன என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். போடலாம். எந்தப் பலகையில் என்பதுதான் கேள்வி.

தேக்குதான் முதலில் நினைவுக்கு வரும். மரத்தைக் கெடுப்பது தண்ணீர் இல்லை, பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வளராது. முழுக்க மூழ்கிய கட்டையிலும் காற்று இல்லாததால் மிக மெதுவாகத்தான் அரிக்கும். வேலிக்கு ஊன்றிய குச்சி மண் மட்டத்தில் இற்றுப்போவது இதனால்தான். படகுத்துறை மேடை முழுவதுமே அந்த மண் மட்டம் மாதிரி: நனையும், காயும், மறுபடி நனையும். தேக்கின் வைரத்தில், அதாவது கருமையான உள்கட்டையில், பூஞ்சைக்கு ஆகாத பொருள்கள் இயல்பாகவே உண்டு. வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதியில் அந்தக் காப்பு இல்லை. விலை மலிவாக வரும் தேக்கில் வெள்ளை எவ்வளவு என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மரம் நனைந்தால் அகலத்தில் பருக்கும், நீளத்தில் அவ்வளவாக மாறாது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை வெயில் சூட்டில் நீளவாக்கிலேயே நன்றாக நீளும். முனையில் இடம் விடாமல் இறுக்கினால் நடுவில் வளைந்து எழும்பும். அலுமினியம் இதைவிடக் குறைவு: 5 மீட்டர் பலகை 30 டிகிரி சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டர். ஆனால் அது மரத்தைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். சித்திரை மதியத்தில் வெறுங்காலோடு வருகிறவர்களை நினைத்தால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

கடல் துறைகளில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவின் பயம் இங்கே இல்லை. இது நன்னீர்.

இங்கே உண்மையான சிக்கல் நீர்மட்டம். 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. அது பல பத்து அடி இறங்கும், ஏறும். கரையில் தூண் நட்டால் ஒரு பருவத்தில் மூழ்கும், இன்னொரு பருவத்தில் தண்ணீரைவிட்டு எட்டி நிற்கும். ஆகவே மேடை மிதக்க வேண்டும். மிதவையில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் தண்ணீரை ஒதுக்கித்தான் நிற்கும். கிருஷ்ணகிரி கிரானைட் படிக்கட்டுக்கு அருமை, ஆனால் இரண்டரை சென்டிமீட்டர் தடிமனில் சதுர மீட்டருக்கு 65 கிலோவுக்கு மேல் வரும். அதே அளவு தேக்கு சுமார் 16 கிலோதான்.

எனக்கு விட்டால் கண்ணாடி நாரில் செய்த, மேலே மணல் பதித்த ஃபைபர் கிரில்லைத்தான் போடுவேன். இற்றுப்போகாது, சூட்டைக் கடத்துவதும் குறைவு, அலையும் மழையும் கண்கள் வழியே இறங்கிவிடும். குழந்தையின் கால் நுழையாத சின்னக் கண்ணாக வேண்டும். அறுத்த விளிம்புகளில் ரெசின் பூச வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் நார்களுக்குள் ஏறிவிடும்.

அப்புறம் கரையிலிருந்து மிதவைக்குப் போகும் பாலம். கரைப்பக்கம் கீல் வைத்தால் நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும். மட்டம் குறைந்த நாளில் அது மிகவும் சரிந்துவிடும், அதனால் மூட்டை ஏற்றும் பலகையில் அடிப்பதுபோல அடிக்கொரு குறுக்குச் சட்டம் அடித்துவிட வேண்டும்.