பட்டினிச் செல்லில் பதுங்கும் வைரஸ்

வைரஸ் உண்பதில்லை, மூச்சு விடுவதில்லை. மரபணுச் சங்கிலி ஒன்று, அதைச் சுற்றிப் புரத உறை, சில வைரஸ்களுக்கு அதன்மேல் கொழுப்புப் போர்வை. அவ்வளவுதான் அதன் சொத்து. தன்னைப் பெருக்கிக்கொள்ள வேண்டிய ஆற்றலும் மூலப்பொருளும் புகுந்த இடத்தில்தான் கிடைக்க வேண்டும். அந்த இடத்தில் சரக்கு இல்லையென்றால்?

எச்.ஐ.வி. அடிக்கடி மாட்டிக்கொள்ளும் சிக்கல் இது. அது குறிவைக்கும் சிடி4 டி-செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும்பாலானவை எந்நேரமும் ஓய்வில் இருப்பவை. குளுக்கோஸைக் கொஞ்சமாக எடுத்து, மைட்டோகாண்ட்ரியாவில் நிதானமாக எரித்துக் காலம் தள்ளுபவை. உள்ளே வந்த எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுத வேண்டும். அதற்கு டி.என்.ஏ.வின் கட்டுக்கற்களான நியூக்ளியோடைடுகள் வேண்டும். இரண்டாகப் பிரியும் உத்தேசமே இல்லாத செல் அவற்றை எதற்குச் சேர்த்து வைக்கப் போகிறது? போதாக்குறைக்கு, சாம்எச்டி1 என்ற நொதி இருக்கும் சொற்பத்தையும் உடைத்துப் போடுகிறது. எழுத்து பாதியில் நின்றுவிடும். எச்.ஐ.வி.-2 மட்டும் இதற்கொரு வழி வைத்திருக்கிறது. அதன் விபிஎக்ஸ் புரதம், செல் தன் பழைய புரதங்களை அரைக்க வைத்திருக்கும் இயந்திரத்திடமே அந்த நொதியைப் பிடித்துக் கொடுத்துவிடும். உலகெங்கும் பரவி நாசம் செய்த எச்.ஐ.வி.-1இடம் இந்தப் புரதம் இல்லை என்பதுதான் விசித்திரம்.

டி-செல் விழித்துக்கொண்டால் கதை மாறும். குளுக்கோஸ் உள்ளே வரும் கதவுகள் பெருகும். 1920களில் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் புற்றுச் செல்களில் கண்ட பழக்கம் இங்கும் தலைகாட்டும்: ஆக்சிஜன் இருந்தும் குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் லாக்டேட்டாக வெளியேற்றுவது. ஊதாரித்தனம்போல் தெரியும். ஆனால் வழியில் உருவாகும் துண்டுகளைத் திருப்பிவிட்டுத்தான் செல் நியூக்ளியோடைடும் கொழுப்பும் கட்டுகிறது. வைரஸுக்கு வேண்டியதும் அவையே. எச்.ஐ.வி. தொற்றுவது பெரும்பாலும் இப்படி வளர்சிதை மாற்றம் மும்முரமாக நடக்கும் செல்களில்தான் என்பதை 2019இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எல்லா வைரஸும் செல் விழிக்கட்டும் என்று காத்திருப்பதில்லை. சைட்டோமெகலோவைரஸ் குளுக்கோஸ் வரவைத் தானே கூட்டி, அதைக் கொழுப்பமிலத் தயாரிப்பின் பக்கம் திருப்பிவிடுகிறது. டெங்கு வைரஸோ செல் சேமித்து வைத்த கொழுப்புத் துளிகளை எரிக்க வைத்து ஆற்றலைக் கறக்கிறது.

சரக்கு தீரும்போது சில வைரஸ்கள் உறங்கப் போய்விடுகின்றன. பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸ், பட்டினி கிடக்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் நுழைந்தால் அதைக் கொல்வதைவிட அதன் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அடங்குவதையே அதிகம் நாடும். எச்.ஐ.வி.யும் ஏறத்தாழ அப்படித்தான். தொற்றிய செல்களில் ஒருசில சாகாமல் ஓய்வுக்குத் திரும்பி, பழைய கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்களாகின்றன. குரோமோசோமில் செருகப்பட்ட வைரஸை வாசிக்கத் தேவையான என்எஃப்-கப்பா-பி போன்ற புரதங்கள் அப்போது செயலற்றுக் கிடக்கும். மருந்து உண்பவரின் உடலில் இந்த உறங்கும் செல்கள் பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோரிடம் சில வாரங்களில் வைரஸ் இரத்தத்தில் தலைதூக்கும்.

செல்லுக்குச் சத்து போதுமா என்று கணக்குப் பார்க்கும் புரதம் எம்டார். டி-செல்லில் அதை மருந்தால் அடக்கினால் உறங்கும் எச்.ஐ.வி. எளிதில் விழிப்பதில்லை என்று ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன. அப்படியானால் பட்டினி என்றால் உறக்கம், செழிப்பு என்றால் விழிப்பு என்று விதி எழுதிவிடலாமா?

உதட்டில் கொப்புளம் கிளப்பும் ஹெர்ப்பிஸ் வைரஸ் அந்த விதியைத் தலைகீழாக்குகிறது. அது ஒளிந்திருப்பது நரம்புச் செல்லில். அந்தச் செல்லைப் பிழைக்க வைக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் தொடர்ந்து வந்து, எம்டார் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அது உறங்கும். வளர்ப்புத் தட்டில் வைத்த நரம்புச் செல்களில் அந்தக் காரணியை நிறுத்தினாலோ எம்டாரை முடக்கினாலோ அது எழுந்துவிடுகிறது. டி-செல்லுக்கு ஓய்வு இயல்பான நிலை; ஆண்டுக்கணக்கில் தங்கலாம். நரம்புச் செல்லுக்கு ஆதரவு அறுந்தால் அது சாவின் அறிகுறி. இடியப் போகும் வீட்டில் தூங்குவது புத்திசாலித்தனம் இல்லை. இது என் விளக்கம்தான், ஆனால் பொருந்தி வருகிறது.

செல்லின் வரவைக் கட்டுப்படுத்தி வைரஸை அடக்கும் முயற்சி புதிதல்ல. நியூக்ளியோடைடு தயாரிப்பைத் தடுக்கும் ஹைட்ராக்ஸியூரியாவை 1990களில் எச்.ஐ.வி.க்கு டிடனோசின் மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கணைய அழற்சி உள்ளிட்ட நச்சு விளைவுகளால் அந்தக் கூட்டு கைவிடப்பட்டது. எம்டாரை முடக்கி எச்.ஐ.வி.யை உறங்க வைக்க யோசிப்பவர்களுக்கோ, அதுவே ஹெர்ப்பிஸை எழுப்பிவிடுமோ என்ற வேறொரு கணக்கும் உண்டு: உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் உடலில் ஹெர்ப்பிஸ் வைரஸின் முதல் வகை ஏற்கெனவே குடியிருக்கிறது.