கல்ட் திரைப்படம்: சொல்லும் பொருளும்

வெளியான காலத்தில் பெரும்பாலோரால் ஒதுக்கப்பட்டோ கவனிக்கப்படாமலோ போய், அளவில் சிறியதாயினும் பற்றில் ஆழ்ந்த ஒரு கூட்டம் திரும்பத் திரும்பப் பார்ப்பதனாலேயே வாழும் படத்தைக் 'கல்ட் படம்' என்பர். பெருவெற்றி பெற்ற படங்களுக்கெல்லாம் இப்பட்டத்தைச் சூட்டும் இன்றைய வழக்கம் பொருளைத் தலைகீழாக்குகிறது.

இலத்தீனில் 'கோலெரே' என்னும் வினை உழுதல், பேணுதல், வழிபடுதல் ஆகிய பொருள்களைத் தரும். அதிலிருந்து பிறந்த 'குல்டுஸ்' பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் 'கல்ட்' என ஆங்கிலத்துக்குள் வந்தது. பண்பாட்டைக் குறிக்கும் 'கல்ச்சர்' என்பதும் அதே வேரினதே. முதலில் வழிபாட்டை மட்டும் சுட்டிய சொல், பிற்காலத்தில் ஊரார் ஐயத்தோடு நோக்கும் சிறு சமயக் குழுவையும் சுட்டலாயிற்று. திரைத்துறை இவ்விரண்டு சாயல்களையும் எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவில் இச்சொல்லுக்கு உயிர் தந்தது, பாலுறவு குறித்த பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்த பாலியல் புரட்சிக் காலம். கருத்தடை மாத்திரைக்கு 1960இல் ஒப்புதல் கிடைத்தது. ஹாலிவுட்டின் பழைய தணிக்கை நெறியை நீக்கிவிட்டு 1968 நவம்பரில் வயதுவாரித் தரப்பிரிப்பு நடைமுறைக்கு வந்தது. ஆயினும் துணிச்சலான படமெல்லாம் கல்ட் படமாகிவிடவில்லை. சுவீடனிலிருந்து வந்த 'ஐ ஆம் கியூரியஸ் யெல்லோ' சுங்கத்துறையால் பறிமுதல் செய்யப்பட்டு, வழக்கில் வென்று 1969இல் திரையிடப்பட்டபோது மக்கள் வரிசையில் நின்று பார்த்தனர்; ஆனால் பரபரப்பு அடங்கியதும் அது பெரிதும் வழக்கின் பெயராகவே நினைவில் தங்கியது. மாறாக, ரஸ் மேயர் 1965இல் எடுத்து அப்போது ஓடாமற்போன 'ஃபாஸ்டர், புஸ்ஸிகேட்! கில்! கில்!' பின்னாளில் தனக்கென ஒரு கூட்டத்தைத் தேடிக்கொண்டது.

அக்கூட்டம் உருவான இடம் நள்ளிரவுக் காட்சி. நியூயார்க்கின் எல்ஜின் திரையரங்கில், அதை நடத்திய பென் பாரன்ஹோல்ட்ஸ் 1970 டிசம்பரில் இயக்குநர் ஹொடரோவ்ஸ்கியின் 'எல் டோப்போ' படத்தை நள்ளிரவில் திரையிடத் தொடங்கினார். வாய்வழிப் பேச்சே அதற்கு ஆள் சேர்த்தது. ஜான் வாட்டர்ஸின் 'பிங்க் ஃபிளமிங்கோஸ்' அதே அரங்கில் அதே வழியைப் பின்பற்றியது. முதல் வெளியீட்டில் தோற்ற 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' 1976இல் வேவர்லி அரங்கின் நள்ளிரவுக் காட்சிக்கு வந்தபின், பார்வையாளர் பாத்திரங்களைப் போல உடுத்தி, வசனங்களுக்கு எதிர்வசனம் கூவி, திருமணக் காட்சியில் அட்சதை போடுவதுபோல் அரிசி தூவினர். இங்கே வழிபாடு என்னும் வேர்ப்பொருள் ஏறத்தாழ நேர்ப்பொருளாகவே மீண்டுவிட்டது.

'கல்ட் படம்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'வழிபாட்டுப் படம்' என்றால் வாசகர் பக்திப் படத்தையே நினைப்பார். 'கலகப் படம்' என்பது உள்ளடக்கத்தைச் சொல்லுமேயன்றி, இச்சொல்லின் உயிரான பார்வையாளரைச் சொல்லாது. 'மொழிப் பற்றாளர்' என்பது முன்பே புழக்கத்தில் இருப்பதால், 'பற்றாளர் படம்' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. 'கல்ட் இயக்குநர்' என்பதை மட்டும் ஒரே தொடராகச் சுருக்காமல், 'பற்றாளர் போற்றும் இயக்குநர்' என விரித்தெழுதலாம்.