நாலு விரல் இடைவெளி: காரை இறக்கலாமா?

என் அத்தை பையன் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறான். போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஆடி டிடி ஒன்று வாங்கினான். இரண்டாம் தலைமுறை, இரண்டு கதவு, பிஒய் 01 நம்பர். வாங்கிய மறுநாளே ஒரு குறை கண்டுபிடித்துவிட்டான். டயருக்கும் அதன் மேல் வளைந்து நிற்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நாலு விரல் நுழைகிறதாம். "பார்க்க ஜீப் மாதிரி இருக்குண்ணா, இறக்கிடலாமா?" என்றான். பட்டறை ஒன்றில் விசாரித்ததற்கு, ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் போதும், அரை நாள் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள்.

அழகுக்காக இறக்குகிறேன் என்றால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவன் சொன்ன காரணம் வேறு: "இறக்கினா வளைவுல நல்லா பிடிச்சு ஓடும்." இதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் சுமை குறைந்து வெளிப்பக்கச் சக்கரங்களின் மேல் ஏறுகிறது. சுமை இரண்டு மடங்கானால் டயரின் பிடிப்பும் இரண்டு மடங்காகும் என்று நினைத்துவிடக் கூடாது. கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதனால் சுமை ஒரே பக்கம் குவியக் குவிய, நாலு டயரின் மொத்தப் பிடிப்பு குறைகிறது. எவ்வளவு சுமை மாறும் என்பது கார் திரும்பும் வேகம், அதன் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் ஆகியவற்றைப் பொறுத்தது. எடை 1,350 கிலோ, ஈர்ப்பு மைய உயரம் 50 செ.மீ., அகலம் 1.55 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 64 கி.மீ. வேகத்தில் திரும்பினால் ஏறக்குறைய 351 கிலோ மறுபக்கம் போகும். காரை 3 செ.மீ. இறக்கிவிட்டு அதே வளைவுக்கு வந்தால் 330 கிலோ. வித்தியாசம் 21 கிலோ. ஒரு சிப்பம் அரிசிகூட இல்லை.

அப்படியென்றால் இறக்கிய கார் சாயாமல் திரும்புகிறதே, அது எப்படி? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

கார் சாய்வது ஒரு கற்பனைக் கீலைச் சுற்றி. உருளும் மையம் என்பார்கள். ஈர்ப்பு மையம் அதற்கு மேலே இருக்கிறது. வளைவில் வரும் விசை அந்த மேல் புள்ளியைப் பிடித்துத் தள்ளுகிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு கடப்பாரை மாதிரி. கடப்பாரை நீளமானால் அதே விசைக்கு நெம்பு அதிகம். டிடியின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. தெருவில் ஓடும் பெரும்பாலான கார்களிலும் அதுதான். இந்த அமைப்பில் உருளும் மையம் எங்கே விழும் என்பதில், சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சாய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. காரை இறக்கினால் அந்த ஆர்மின் சக்கரப் பக்க முனை மேலே தூக்கிக்கொள்ளும். உடனே உருளும் மையம் கீழே ஓடும், அதுவும் கார் இறங்கியதைவிட அதிகமாக. ஒரு கணக்குக்கு, ஈர்ப்பு மையம் 50 செ.மீ., உருளும் மையம் 10 செ.மீ. உயரத்தில் இருந்தன என்றால் கடப்பாரை 40. இறக்கியபின் அவை 47, 4 என்று ஆனால் கடப்பாரை 43. ஸ்பிரிங் பழையதே என்றால் கார் முன்பைவிட அதிகம் சாயும்! சாயாததற்குக் காரணம் உயரம் குறைந்தது அல்ல, கூடவே ஸ்பிரிங் கடினமானது.

ஒரு சுற்று வெட்டினாலும் அதுதான் நடக்கிறது. காயில் ஸ்பிரிங் அமுங்கும்போது அதன் கம்பி பெரும்பாலும் வளைவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. நீளமான துண்டை முறுக்குவது சுலபம், கைக்குட்டையை முறுக்குவது கஷ்டம். வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்றை வெட்டினால் கம்பி நீளம் குறைந்து ஸ்பிரிங் 20 சதவீதம் கடினமாகும். இத்தோடு போனால் பரவாயில்லை. ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கையில் உட்காரும்படி வடிவமைக்கப்பட்டது. வெட்டிய நுனி அப்படி உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நேரத்தில் குட்டையான ஸ்பிரிங் இடம் விட்டு நழுவலாம். வெட்டும் யோசனையை நாங்கள் அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டோம்.

அடுத்தது, பேசப்படாத செலவு: பயணத் தூரம். சக்கரம் மேலே ஏறிவர ஸ்ட்ரட்டில் இருக்கும் இடம் இது. முடிவில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் துண்டு காத்திருக்கும். 8 செ.மீ. இடம் இருந்த காரை, அதே ஸ்ட்ரட்டை வைத்து, 3 செ.மீ. இறக்கினால் மீதி 5. ரப்பரில் இடித்ததும் சஸ்பென்ஷன் ஒரே நொடியில் பல மடங்கு கடினமாகிறது. வளைவின் நடுவில் இது நேர்ந்தால் அந்த டயரின் பிடி நழுவும். சொல்லாமல் கொள்ளாமல் நழுவும்.

இடிக்காமல் இருக்க ஸ்பிரிங்கை இன்னும் கடினமாக்க வேண்டும். நிற்கும் காரின் எடை ஸ்பிரிங்கை 25 செ.மீ. அமுக்கியிருந்தால் கார் வினாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும். 11 செ.மீ. என்றால் ஒன்றரை முறை, 6 செ.மீ. என்றால் இரண்டு முறை. சாதாரணக் கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் இருக்கும். ரேஸ் டிராக் வழவழப்பானது, அங்கே இரண்டு முறையைக்கூடத் தாண்டலாம். நம் சாலையில் தாண்டினால் டயர் அடிக்கடி தரையை விட்டுத் தாவும். தாவுகிற டயருக்கு ஏது பிடிப்பு?

ஸ்பிரிங் சக்தியை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும். ஷாக் அப்சார்பர்தான் அதைச் செலவழிக்கிறது. உள்ளே எண்ணெய் சின்னத் துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்பட்டுச் சூடாகிறது. மோசமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து தொட்டால் அந்தச் சூடு கைக்குத் தெரியும். ஸ்பிரிங் 40 சதவீதம் கடினமானால், ஆட்டம் முன்போலவே அடங்க ஷாக் அப்சார்பரும் ஏறக்குறைய 18 சதவீதம் பலமாக வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் ஓடித் தளர்ந்த ஷாக்கோடு புது லோயரிங் ஸ்பிரிங் போட்டால் இரண்டு வகையிலும் நஷ்டம். இறக்குவதா மேம்படுத்துவதா என்றால் என் ஓட்டு எப்போதும் ஷாக்குக்குத்தான்.

வேகத்தடைக் கணக்கு எனக்கே ஆச்சரியம் தந்தது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம், 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கானது. டிடியின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.47 மீட்டர். இரண்டு பக்கமும் சக்கரம் நிற்க, நடுவில் மேடு வயிற்றை நோக்கி எழுவது 4.5 செ.மீ. மட்டுமே. டேப் வைத்து அளந்ததில் அவன் காரின் தரை இடைவெளி 12 செ.மீ.; 3 செ.மீ. இறக்கினாலும் தாராளமாகத் தாண்டும். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகத் தெருக்காரர்கள் போடும் அரை மீட்டர் அகல, 12 செ.மீ. உயர மேடு இருக்கிறதே, அதன் உயரம் முழுவதும் வயிற்றுக்கே வரும். அப்புறம் மழைக்காலம். இந்திரா காந்தி சதுக்கத்தில் தண்ணீர் நிற்கும் நாளில் 3 செ.மீ.யின் மதிப்பு தெரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

கடைசியில் முடிவை ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையிடம் விட்டோம். ஷாக்கின் தூசி உறையைத் தூக்கி, பளபளக்கும் தண்டில் அதைச் சுற்றி இறுக்கி, கீழே உடலை ஒட்டித் தள்ளி வைத்தோம். சக்கரம் மேலே ஏற ஏற டை தண்டில் நகரும். இறங்கும்போது அங்கேயே நிற்கும். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியாகப் பெண்ணையாற்றைத் தாண்டிக் கடலூர் மஞ்சக்குப்பம் போய், டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். உறையைத் தூக்கிப் பார்த்தால், பம்ப் ஸ்டாப்புக்கு 1.5 செ.மீ. கீழே டை நின்றிருந்தது. 3 செ.மீ. இறக்கியிருந்தால் அதே பயணத்தில் ரப்பரில் இடித்திருப்போம்.

நாலு ஷாக்கையும் மாற்றினான். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது, அதையும் மாற்றி அலைன்மெண்ட் பார்த்தோம். பின்பக்கம் சற்றுத் தடித்த ஆன்ட்டி ரோல் பார், அதாவது இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி, போட்டான். இரண்டு சக்கரமும் சேர்ந்து வேகத்தடை ஏறும்போது அந்தக் கம்பி சும்மா சுழலும், ஒரு பக்கம் சாயும்போதுதான் எதிர்க்கும். சாய்வு குறைந்தது, உயரம் குறையவில்லை. மறுபடியும் டை கட்டிக் கடலூர் போய் வந்தோம். இம்முறை மிச்சம் 2.5 செ.மீ.

குனிந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தவன் நிமிர்ந்தான். "அண்ணா, அப்போ ஒரு சென்டிமீட்டர் இறக்கலாம்ல?"

அரை விரல்.