சஸ்பென்ஷன்: இடைநீக்கமா, தொங்கலா, வில்லா?

கார்க் கையேடு ஒன்றைக் கணினி மொழிபெயர்ப்பில் படித்தவர்கள் 'முன்பக்க இடைநீக்கம்' என்ற தொடரைக் கண்டு ஒரு நொடியாவது திகைத்திருப்பார்கள். விசாரணை முடியும்வரை ஓர் ஊழியரைப் பணியிலிருந்து விலக்கி வைப்பதற்கு உரிய சொல்லைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்ததால் வந்த குழப்பம் அது. சஸ்பென்ஷன் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு அலுவலகத்தில் ஒரு பொருள், வேதியியலில் ஒரு பொருள், பட்டறையில் காரின் உடலைச் சக்கரங்களின் மேல் தாங்கிக் குலுக்கலை வாங்கும் அமைப்பு என்று ஒரு பொருள். தமிழில் இம்மூன்றுக்கும் ஒரே சொல்லை ஆள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

இச்சொல்லின் வேர் 'சுஸ்பெந்தெரே' என்னும் இலத்தீன் வினை. 'சுப்' என்றால் கீழே, 'பெந்தெரே' என்றால் தொங்கவிடுதல். ஊசல் குண்டைக் குறிக்கும் பெண்டுலமும், நிலுவையைக் குறிக்கும் பெண்டிங்கும் இதே வேரில் கிளைத்தவை. முடியாத வழக்கை நாமும் 'தொங்கிக்கொண்டிருக்கிறது' என்றுதான் சொல்கிறோம். தொங்கு பாலம், வேதியியல் பாடநூலின் 'தொங்கல்' ஆகியவற்றில் இந்த வேர்ப்பொருள் சரியாகவே தமிழுக்கு வந்திருக்கிறது. வண்டிக்கும் அது ஒரு காலத்தில் நேர்ப்பொருளாகவே இருந்தது. ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் பயணிகள் அமரும் கூண்டு, சட்டத்தின் முனைகளில் கட்டிய தடித்த தோல்வார்களில் உண்மையாகவே தொங்கியது. சாலையின் குலுக்கலைத் தொட்டிலைப் போல ஆடி ஆடி வாங்கிக்கொண்டது. பின்னர் எஃகு வில்கள் வந்து, கூண்டு அவற்றின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலம் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

தமிழர் இந்த அமைப்பைக் கண்டபோது தொங்குவதைப் பார்க்கவில்லை, வில்லைப் பார்த்தார்கள். வசதியானவர்கள் வைத்திருந்த, குலுங்காமல் செல்லும் மாட்டு வண்டிக்கு 'வில்வண்டி' என்று பெயர். எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்த அந்த அமைப்பு, நாணில்லாத வில்லாகவே தோன்றும். இந்தியில் ஸ்பிரிங்கைக் 'கமானி' என்பதும் வில்லைக் குறிக்கும் 'கமான்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்துதான். ஜெர்மானியர்களோ இறகைக் குறிக்கும் 'ஃபெடர்' என்ற சொல்லையே இதற்கும் வழங்குகிறார்கள். ஆகவே ஸ்பிரிங்கிற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. வில், சுருள்வில், பட்டைவில் என்று கையிலேயே இருக்கின்றன.

முழு அமைப்புக்கு என்ன பெயர் இடுவது? வில்லும் தாங்கியும் சேர்ந்தால் இலக்கணப்படி 'விற்றாங்கி' ஆகும். ஆனால் கேட்பவர் விற்றுவாங்கி என்று எண்ணிக்கொள்வார். தொங்கு பாலத்தோடு உறவு காட்டும் 'தொங்கல் அமைப்பு' என்பதே என் தேர்வு. என்றாலும், காரின் உயரத்தைக் குறைக்க நினைப்பவருக்கு இந்தப் பொதுப்பெயர் அதிகம் உதவாது. 'சஸ்பென்ஷனை மாற்ற வேண்டும்' என்கிறவர் எதை மாற்ற நினைக்கிறார் என்பது அந்தச் சொல்லில் இல்லை. அதற்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன: வில் எடையைத் தாங்குகிறது, ஷாக் அப்சார்பர் எனப்படும் தணிப்பான் ஆட்டத்தை அடக்குகிறது, கரங்கள் சக்கரம் போகும் வழியைத் தீர்மானிக்கின்றன.

உயரம் குறைக்கப் பலரும் தேர்ந்தெடுக்கும் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயை எடுத்துக்கொள்வோம். அதன் 7ஆம் தலைமுறைக் கார், சாதாரண கோல்ஃபைவிட 15 மி.மீ. தாழ்வாகவே ஆலையிலிருந்து வந்தது. அதை மேலும் 30 மி.மீ. இறக்க, மலிவான வழி லோயரிங் ஸ்பிரிங். இதற்குத் 'தாழ்வில்' என்று பெயர் வைத்தால் தாழ்வு என்பதோடு இல் உருபு சேர்ந்ததாகப் படிக்க நேரும். 'குறுவில்' என்பது தெளிவு. குறுவில் உயரத்தில் மட்டும் குறைந்ததன்று, விறைப்பும் கூடியது. கார் 30 மி.மீ. இறங்கினால், பள்ளத்தில் விழும்போது வில் அமுங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரத்தில் அதே 30 மி.மீ. போய்விடுகிறது, எஞ்சிய தூரத்துக்குள் அதே அடியை வாங்க வேண்டுமானால் வில் விறைத்துத்தான் ஆக வேண்டும். ஆலை வில்லையே ஒரு சுற்று வெட்டிவிடுவதும் சில பட்டறைகளில் நடக்கிறது. அமுங்கி விரியும் சுற்றுகள் 8 உள்ள வில்லில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடும் என்பது உண்மைதான். ஆனால் காரை ஜாக்கி வைத்துத் தூக்கும்போது அந்த வில் தன் இருக்கையில் தளர்ந்து ஆடும், இறக்கும்போது சரியாக உட்காருமா என்பதற்கு உறுதி இல்லை. இதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். ஆங்கிலப் பெயரே பிழையானது. அதிர்ச்சியை உள்வாங்குவது வில்; வாங்கியதைத் திருப்பித் தந்து துள்ளிக்கொண்டே இருக்கும் வில்லின் ஆட்டத்தை எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே பிதுக்கி வெப்பமாக்கி அடக்குவதே இந்தக் கருவியின் வேலை. 'அதிர்வேற்பி', 'அதிர்வுறிஞ்சி' என்ற மொழிபெயர்ப்புகள் அந்தப் பிழையைத் தமிழுக்கும் கொண்டுவந்துவிட்டன. டாம்பர் என்பதற்கு நேரான 'தணிப்பான்' என்பதே பொருந்தும். தாகம் தணிவதும் கோபம் தணிவதும் எப்படியோ அப்படியே வில்லின் துள்ளலும் தணிகிறது. வில்லின் விறைப்பை 44 விழுக்காடு கூட்டினால் அது ஆடும் வேகம் 20 விழுக்காடு கூடும். ஆலைத் தணிப்பான் அந்த வேகத்துக்கு அளந்து செய்யப்பட்டதன்று. குறுவில்லை மட்டும் வாங்கிப் பழைய தணிப்பானோடு பொருத்தியவர்களின் கார் நெடுஞ்சாலையில் தத்தித் தத்திச் செல்வது இதனால்தான். பில்ஸ்டைன் நிறுவனம் ஆலை உயரத்துக்கு பி6 என்றும், தாழ்த்திய காருக்குத் தண்டு குறுகிய பி8 என்றும் தனித்தனியாகத் தணிப்பான்களைச் செய்கிறது. பி8ஐ ஐபாக் என்ற நிறுவனத்தின் குறுவில்லோடு இணைத்து பி12 என்று ஒரே தொகுப்பாகவும் தருகிறது. அன்றாடம் ஓட்டும் காருக்கு இத்தகைய பொருத்தமான இணையே போதும் என்பது என் கருத்து.

மூன்றாவது வேலையைக் கடைகளில் எவரும் நினைவூட்டுவதில்லை. ஜிடிஐயின் முன்பக்கம், 1940களில் பொறியாளர் மேக்ஃபர்சன் வடிவமைத்த, ஆங்கிலத்தில் ஸ்ட்ரட் எனப்படும் தண்டு முறையைக் கொண்டது. அதில் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கரம், காரை இறக்கும்போது வெளிமுனை மேல்நோக்கிச் சரிந்துவிடுகிறது. அப்போது கார் வளைவில் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்மையம், காரின் எடைமையத்தைவிட விரைவாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் சாய்க்கும் நெம்புகோல்; அது நீண்டால் சாய்வு கூடும். எடைமையம் 500 மி.மீ. உயரத்தில் இருக்கும் காரை 30 மி.மீ. இறக்கினால், வளைவில் உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் எடை ஏறக்குறைய 6 விழுக்காடு குறைகிறது. அந்த ஆதாயத்தோடு சாய்வும் கூடிவிடுவதால், அதை அடக்க இன்னும் விறைத்த வில்லோ தடித்த சாய்வுதடுப்புத் தண்டோ தேவைப்படுகிறது. கரத்தின் முனைக்கு நீண்ட பந்துமூட்டு பொருத்திச் சரிவை நேராக்குவதும் உண்டு. தாழ்வாக நிற்கும் கார் வளைவில் நன்றாக ஓடும் என்பது பாதி உண்மைதான்.

இறுதியாகக் காயிலோவர். தணிப்பானைச் சூழ்ந்து சுருள்வில் இருப்பது என்பதே இதன் சொற்பொருள். 'ஓவர்' என்பதை 'மேல்' என்று பெயர்த்தால் வில் உச்சியில் இருப்பதாகப் பிழைபடும். வேடிக்கை என்னவென்றால், ஜிடிஐயின் முன்பக்க ஆலைத் தண்டிலும் வில் தணிப்பானைச் சூழ்ந்தே இருக்கிறது. பின்பக்கத்திலோ காயிலோவர் என்று வாங்கும் தொகுப்பிலும் வில் தனியாக, தணிப்பான் தனியாகவே நிற்கும். இந்தப் பெயர் பொருளைப் பிரித்துக் காட்டவில்லை. ஜெர்மானியர்கள் இதைக் 'கெவிண்டெஃபார்வெர்க்' என்கிறார்கள். கெவிண்டே என்றால் திருகாணியின் மரை. உருளையில் வெட்டிய மரையில் வில்லின் இருக்கையைத் திருகி உயரத்தை மாற்றலாம் என்பதே இதன் தனித்தன்மை. ஆகவே தமிழில் இதை 'மரைத் தணிப்பான்' என்பேன். மரை நீண்டிருக்கிறது என்பதற்காக முழுவதும் இறக்கிவிட முடியாது. ஜெர்மனியில் தொகுப்போடு வரும் தொழில்நுட்பச் சான்றில் எந்த அளவுவரை இறக்கலாம் என்று குறித்திருப்பார்கள், ஆய்வாளர் அதை அளந்து பார்த்தே ஒப்புதல் தருவார்.

தணிப்பானின் தண்டு வெளியே தெரியும் தொகுப்புகளில் செய்து பார்க்கக்கூடிய சிறு சோதனை ஒன்று உண்டு. தணிப்பானின் பளபளப்பான தண்டில் ஒரு பிளாஸ்டிக் கட்டுவாரைச் சுற்றி இறுக்கி, உருளையை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு, வழக்கமான சாலையில் ஒரு நாள் ஓட்டுங்கள். தண்டு உள்ளே போகும்போது உருளையின் வாய் அந்த வாரைத் தள்ளிக்கொண்டு போகும். எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறதோ அதுவே தணிப்பான் அமுங்கிய அளவு. தண்டின் மேல்முனையில் நுரைபோன்ற மஞ்சள் அல்லது கறுப்புத் துண்டு ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில் பம்ப் ஸ்டாப், தமிழில் முட்டுக்கட்டை; பழகிய சொல் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் இடம் வேறில்லை. கட்டுவார் அந்த முட்டுக்கட்டையில் போய் நசுங்கியிருந்தால், கார் சாதாரணச் சாலையிலேயே வில்லை விட்டுவிட்டு நுரைத்துண்டின் மேல் ஓடுகிறது. மரைத் தணிப்பான் என்றால், மரையைத் திருகி 10 மி.மீ. உயர்த்திவிட்டு மறுநாளும் அதே சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான்.