பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் வீடியோ எடிட்டிங்: சிக்குவது எங்கே?

அலுவலகங்கள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1 போன்ற டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கின்றன. உள்ளே பெரும்பாலும் 2013-ல் வெளிவந்த இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 இருக்கும். போனில் எடுத்த 4கே வீடியோவை இதில் ஏற்றி, எடிட்டரில் கிளிப்களை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் இழுத்தால் படம் திக்கித் திக்கித்தான் நகரும். வெட்டுவதும் ஒட்டுவதும் அந்த பிராசஸருக்குப் பெரிய வேலையே இல்லை. சுருக்கி வைத்த வீடியோவை அவிழ்ப்பதில்தான் மூச்சு வாங்குகிறது.

கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. மளிகைக்கடைக் கணக்கு நோட்டு போலத்தான்: 1-ம் தேதி இருப்பு முழுதாக எழுதியிருக்கும், பிறகு தினமும் வரவு செலவு மட்டும். 17-ம் தேதி இருப்பு தெரிய வேண்டுமென்றால் 1-லிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டே வர வேண்டும். வீடியோவைச் சுருக்கும் முறைகளான எச்.264, எச்.265 இரண்டிலும் ஒரு முழு ஃபிரேம் வரும். அதன் பின்னால் பல ஃபிரேம்களுக்கு மாற்றங்கள் மட்டும். சில ஃபிரேம்கள் இனி வரப்போகும் ஃபிரேமையும் பார்த்து எழுதப்பட்டவை. எந்த மளிகைக்கடையிலும் அப்படிக் கணக்கு எழுத மாட்டார்கள். நேராக ஓட்டிப் பார்க்கும்போது சிக்கல் தெரியாது. எடிட் செய்பவர் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு தாவலுக்கும் பிராசஸர் முந்தைய முழு ஃபிரேமுக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும்.

நான்காம் தலைமுறை சிப்பில் எச்.264-ஐ அவிழ்க்கவென்றே தனி மின்சுற்று உண்டு. எச்.265-க்குக் கிடையாது. நிறத்தை 8 பிட்டில் பதியும் எச்.265-க்கு அது 2015-ன் ஆறாம் தலைமுறையிலும், 10 பிட்டுக்கு ஏழாம் தலைமுறையிலும்தான் வந்தது. ஆகவே எடுக்கும்போதே எச்.264-ல் எடுப்பது செலவில்லாத முதல் மருந்து. ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்தால் போதும்; 4கே 60 ஃபிரேம் போன்ற சில வசதிகள் கைவிட்டுப் போகும்.

உண்மையான தீர்வு ப்ராக்ஸி. ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன அளவில் ஒரு நகல் எடுத்து, அதை வைத்து எடிட் செய்து, கடைசி ரெண்டரை, அதாவது முடிந்த வீடியோவை, மட்டும் ஒரிஜினலிலிருந்து எடுப்பது. கேடென்லைவ், ஷாட்கட் போன்ற இலவச எடிட்டர்களிலேயே இந்த வசதி இருக்கிறது. பலர் சறுக்குவது நகலின் வகையில்: ப்ராக்ஸியையும் எச்.264-லேயே போட்டால் அளவு குறையும், ஒரு ஃபிரேம் இன்னொன்றைச் சார்ந்திருக்கும் சங்கிலி அப்படியே இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் ப்ரோரெஸ் ப்ராக்ஸி, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி, எம்ஜெபெக் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ப்ரோரெஸ் ப்ராக்ஸி 1080பி, 25 ஃபிரேமில் மணிக்குச் சுமார் 17 ஜிபி பிடிக்கும். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் ஏறக்குறைய அதில் கால்பங்கு. டிஸ்க்கில் இடம் கொடுத்து பிராசஸரின் சுமையை இறக்குகிறோம். கடைசி ரெண்டரின்போது ப்ராக்ஸியைப் பயன்படுத்தும் டிக் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் மங்கலான வீடியோதான் கைக்கு வரும்.

போன் வீடியோவில் இன்னொரு வில்லங்கம்: ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடேறினாலோ 30 என்பது 27 ஆகும். டைம்லைன் சீரான வேகத்தை எதிர்பார்ப்பதால், பத்து நிமிடப் பேட்டியின் முடிவில் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்றாகிவிடும். வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' (நிலையான ஃபிரேம் வேகம்) வைத்து மாற்றிய பிறகே ப்ராக்ஸி எடுக்க வேண்டும்.

பணம் போட வேண்டிய முதல் இடம் சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகமான சாட்டா எஸ்எஸ்டி. சுழலும் ஹார்ட் டிஸ்க் நேராகப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்பிக்கு மேல் தரும். ஆனால் மூன்று வீடியோ ட்ராக், ஒரு பாட்டு என்று நான்கு இடத்தில் மாறி மாறிப் படிக்கச் சொன்னால் டிஸ்க்கைப் படிக்கும் முனை ஓடி ஓடியே நேரம் போகும். ப்ராக்ஸியும் ப்ராஜெக்ட்டும் எஸ்எஸ்டியில், ஒரிஜினல்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். அடுத்தது ராம். அவிழ்த்த 4கே ஃபிரேம் ஒன்றே சுமார் 33 எம்பி. 30 ஃபிரேமில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. அதனால் 16 ஜிபி வேண்டும், 8 ஜிபி குச்சி இரண்டாக, இரட்டைச் சேனலில். மலிவாக வரும் 'ஏஎம்டிக்கு மட்டும்' டிடிஆர்3, சர்வர் ரெஜிஸ்டர்டு ராம் இரண்டும் இந்த போர்டுகளில் வேலை செய்யாது.

கிராஃபிக்ஸ் கார்டு மூன்றாம் பட்சம். 9020-ன் சின்னப் பெட்டியில் பவர் சப்ளை 255 வாட் மட்டுமே. மதர்போர்டு கனெக்டரும் டெல்லின் சொந்த வடிவம். கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளையை அடாப்டர் இல்லாமல் மாட்ட முடியாது. எனவே தனி மின் கேபிள் இல்லாமல் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் ஓடும், உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் கார்டு: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 10 பிட் எச்.265-ஐயும் அவிழ்க்கும், ரெண்டரையும் வேகமாக்கும். ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400 இரண்டிலும் வீடியோவைச் சுருக்கும் என்கோடரே கிடையாது. ரெண்டர் வேகத்துக்காக அவற்றை வாங்குவது வீண்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை பிராசஸர். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வது நல்லது. நான்காம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதற்கு வேறு காரணம்: பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் நான்காம் தலைமுறையில்தான் வந்தன; அவை இல்லாவிட்டால் சில எடிட்டர்கள் திறக்கவே திறக்காது, ரெண்டரும் இழுக்கும்.

கடைசி ரெண்டர் எப்படியும் மெதுவாகத்தான் போகும், இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். முதல் பத்து நிமிடம் வேகமாகப் போய்ப் பிறகு தளர்ந்தால் சூட்டைப் பாருங்கள்: இந்த சிப்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பத்து வருடத்து தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். துடைத்துவிட்டு நடுவில் பட்டாணி அளவு புதிது வைத்து, ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முழுதாக இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொண்டு, புதுப் பேஸ்ட்டிலும் சூடு குறையாது.